படிக்கல்லை மாற்றாதீர்



கடை அடைக்கும் நேரம். கல்லாப் பணத்தை எண்ணுகிறோம், குறைகிறது. மறுநாளும் குறைகிறது. மூன்றாம் நாள் கவனித்துப் பார்த்தால் கை வைத்தவன் யார் என்பது தெரிந்து விடுகிறது. அவன் வேற்றாள் என்றால் அன்றைக்கே கணக்கைத் தீர்த்து அனுப்பி விடுகிறோம். ஆனால் அவன் நம் ஊர்ப் பையன், மச்சானின் மகன், ஐந்து வேளையும் தவறாமல் பள்ளிவாசலுக்குப் போகிறவன் என்றால்? அப்போது நம் பேச்சே வேறாகி விடுகிறது. "ஏதோ அவசரத்துக்கு எடுத்திருப்பான்" என்கிறோம். "எண்ணியதில் நாம்தான் தவறினோமோ" என்கிறோம். "வெளியில் சொல்லாதீர்கள், நம் ஆட்களைப் பற்றி மற்றவர் என்ன நினைப்பார்கள்" என்கிறோம். குறைந்த காசு ஒன்றுதான். செய்த குற்றமும் ஒன்றுதான். ஆனால் நிறுப்பதற்கு மட்டும் இரண்டு படிக்கல் வைத்திருக்கிறோம்!

கடையில் நடக்கும் இதுவே நாட்டிலும் நடக்கிறது. தீனின் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்கும் கட்சியில் ஒரு தலைவர் லஞ்சம் வாங்கிப் பிடிபட்டால், அக்கட்சியை நம்பிய பக்திமான்கள் என்ன செய்கிறார்கள்? என்ன செய்ய வேண்டும்? இந்த இரு கேள்விகளையும் இன்று சிறிது சிந்திப்போம். நாம் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்க வரவில்லை. எந்தக் கட்சியையும் ஒழிக்கவும் வரவில்லை. நம் ஈமானின் தராசைச் சோதித்துப் பார்க்கவே வந்தோம்.

நீரிணைக்கு அப்பால் இருக்கும் இந்தோனேசியா நமக்கு அந்நிய பூமியன்று. நம்மில் பலருக்கு அந்நாட்டோடு சரக்குத் தொடர்புண்டு. மேடான் நகரிலே தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஆகவே அங்கு நடந்ததையே எடுத்துக் கொள்வோம்.

ஜெனரல் சுகார்த்தோவின் ஆட்சி 1998-ல் வீழ்ந்தபோது, கல்லூரிப் பள்ளிவாசல்களிலே கூடிக் கிதாபு ஓதிய இளைஞர்கள் சேர்ந்து ஒரு கட்சி தொடங்கினார்கள். 1999 தேர்தலில் அதற்கு நூற்றுக்கு ஒன்றரை ஓட்டுக்கூடக் கிடைக்கவில்லை. பின்னர் அக்கட்சி பார்டாய் கெஆடிலான் செஜாத்தெரா, அதாவது நீதி வளவாழ்வுக் கட்சி என்று பெயர் மாற்றம் பெற்றது. 2004-ல் "தூய்மை, பரிவு" என்ற இரண்டு சொற்களைக் கொடியாகப் பிடித்து நின்றது. லஞ்சத்தால் மனம் நொந்திருந்த மக்கள் அச்சொற்களை நம்பினார்கள். நூற்றுக்கு 7.34 ஓட்டும் 45 ஆசனங்களும் கிடைத்தன. 2009-ல் அது 7.88 ஆகவும் 57 ஆசனங்களாகவும் வளர்ந்தது. விவசாய அமைச்சர் பதவியும் அக்கட்சிக்காரர் கையில் இருந்தது.

2013 ஜனவரி இறுதியில் இடி விழுந்தது. மாட்டிறைச்சி இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்று கூடுதல் பங்கீட்டுக்காகப் பணம் கொடுத்ததாக ஊழல் ஒழிப்பு ஆணையம் வலை வீசியது. கட்சித் தலைவர் லுத்ஃபி ஹசன் இஸ்ஹாக்குக்கு நெருங்கிய ஒருவர் ஜகார்த்தா ஹோட்டலில் 100 கோடி ரூப்பியா ரொக்கத்துடன் பிடிபட்டார். அடுத்த நாள் தலைவரே குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கப்பட்டுக் கைதானார்.

வியாபாரிகளாகிய நமக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். கேட்ட பங்கீடு 8,000 டன். பேசிய தரகு கிலோவுக்கு 5,000 ரூப்பியா. மொத்தம் 4,000 கோடி ரூப்பியா. அதில் 130 கோடி கை மாறியது என்று நீதிமன்றம் கண்டது. இந்தத் தரகுப் பணம் யார் தலையில் விழும்? இறைச்சிக் கடையில் அரைக் கிலோ வாங்க வரும் ஏழைத் தாயின் தலையில் அல்லவா! இறைச்சி விலை ஏறிவிட்டதென்று ஜனங்கள் முனகிக் கொண்டிருந்த காலத்தில்தான் இந்தப் பேரம் நடந்தது. 2013 டிசம்பரில் தலைவருக்கு 16 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மறு ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதை 18 ஆண்டாக உயர்த்தியதோடு, தேர்தலில் நிற்கும் உரிமையையும் பறித்தது.

சரி, ஓட்டாளர்கள் என்ன செய்தார்கள்? தூய்மை என்று சொல்லி ஓட்டு வாங்கிய கட்சி தூய்மையில் தவறினால் அதோடு தொலைந்தது என்றுதான் பலரும் எண்ணினார்கள். நடந்தது வேறு. தலைவர் கைதாகி ஒரு மாதம்கூட ஆகாத பிப்ரவரியில் மேற்கு ஜாவாவில் ஆளுநர் தேர்தல் வந்தது, அக்கட்சிக்காரரே வென்றார். மார்ச்சில் வடக்கு சுமத்ராவிலும் அவ்வாறே. 2014 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது கட்சியின் பங்கு 7.88-லிருந்து 6.79-க்கு இறங்கியது, ஆசனங்கள் 57-லிருந்து 40 ஆயின. ஆனால் விழுந்த ஓட்டுகளை எண்ணினால், 2009-ல் சுமார் 82 லட்சம். 2014-லோ சுமார் 85 லட்சம்! 2019-ல் பங்கு 8.21 ஆகியது. 2024-ல் 8.42 ஆகியது.

இதே காலத்தில் ஜனாதிபதி யுதோயோனோவின் ஜனநாயகக் கட்சியும் ஊழல் வழக்குகளில் சிக்கியது. அக்கட்சியின் பொருளாளர் பிடிபட்டார், தலைவரும் பிடிபட்டார். தூய்மையை அக்கட்சியும் விளம்பரம் செய்துதான் இருந்தது. 2009-ல் 20.85 பெற்றது 2014-ல் 10.19 என்று பாதியாகி விட்டது. யுதோயோனோ மீண்டும் ஜனாதிபதிக்கு நிற்க முடியாததும் அதற்கொரு காரணம். இருந்தாலும் வித்தியாசம் கண்ணில் படாமல் போகாது. ஒரு கட்சிக்கு வந்தவர்கள் வாடிக்கைக்காரர்கள். சரக்கு கெட்டதும் வேறு கடைக்குப் போய் விட்டார்கள். மற்றக் கட்சிக்கு இருந்தவர்களோ குடும்பத்தார். குடும்பத்தை விட்டு எங்கே போவார்கள்?

இந்தப் பற்றுதல் எங்கிருந்து வந்தது? நல்ல காரணமும் உண்டு, கெட்ட காரணமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே நியாயம்.

நல்ல காரணம் இது. அக்கட்சியின் தொண்டர்கள் வாரந்தோறும் சிறு சிறு வட்டங்களாக உட்கார்ந்து ஓதுகிறார்கள். வெள்ளம் வந்தாலும் பூகம்பம் வந்தாலும் முன்னால் ஓடி நிற்கிறார்கள். தெருவிலுள்ள ஓட்டாளனுக்குக் கட்சி என்றால் ஜகார்த்தாவிலுள்ள தலைவர் அல்லர். தன் பிள்ளைக்கு ஓதிக் கொடுத்த பக்கத்து வீட்டு வாலிபன்தான். எங்கோ ஒருவர் திருடினார் என்பதற்காக இந்த வாலிபனைத் திருடன் என்று அவனால் சொல்ல முடியவில்லை. அது தவறன்று. ஒருவர் பாவச் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை என்பது திருமறையின் தீர்ப்பு. பிடிபட்ட தலைவர் மறுநாளே பதவி விலகினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நாற்காலியைப் பற்றிக் கொண்டு கட்சியையும் சேர்த்து இழுக்கவில்லை.

கெட்ட காரணம் எது? புதிய தலைவராக வந்தவர் தமது முதற் பேச்சிலேயே, இது பெரியதொரு சதி என்றார். தொண்டர்கள் பலருக்கு அது தேனாக இனித்தது. எதிரிகள் நம்மை ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்று சொல்லி விட்டால், ரொக்கம் எப்படி வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை அல்லவா! கேள்வி கேட்டவன் எதிரியாகிறான், கேளாதவன் விசுவாசியாகிறான். சகோதரர்களே, படிக்கல் மாறும் இடம் இதுதான்!

இது முஸ்லிம்களுக்கு மட்டும் வந்த நோயன்று. அமெரிக்காவில் பைபிளை இறுகப் பற்றி நிற்கும் இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் வெள்ளையரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. சொந்த வாழ்வில் ஒழுக்கம் தவறிய ஒருவர் பொதுப் பதவியில் நேர்மையாக நடக்க முடியுமா என்பது கேள்வி. 2011-ல் முடியும் என்றவர்கள் நூற்றுக்கு 30 பேர். 2016 அக்டோபரில் அதே கேள்விக்கு முடியும் என்றவர்கள் 72 பேர்! இடையில் என்ன நடந்தது? வேதம் மாறவில்லை. அவர்கள் ஆதரித்த கட்சியின் வேட்பாளராக டொனால்ட் டிரம்ப் வந்தார்; பெண்களைப் பற்றி அவர் இழிவாகப் பேசிய பதிவு அந்த மாதமே வெளியாயிற்று. நவம்பர் தேர்தலில் அந்த மக்களில் பத்துக்கு எட்டுப் பேர் அவருக்கே ஓட்டளித்தார்கள். ஊழலும் ஒழுக்கக்கேடும் பக்தரின் பற்றுதலை மாற்றும் என்று நினைக்கிறோம். பல சமயம் பற்றுதல்தான் பக்தரின் அளவுகோலை மாற்றி விடுகிறது! அவர்களைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம். கல்லாப் பெட்டியின் முன் நாம் நின்ற நிலையும் அதுவே.

இனி நம் மார்க்கம் சொல்வதைக் கேட்போம். மதீனாவில் நடந்த ஒரு சம்பவத்தைத் திருமறை விரிவுரையாளர்கள் எடுத்துரைக்கிறார்கள். அன்ஸாரிகளிடையே வாழ்ந்த ஒருவன் ஒரு கவசத்தைத் திருடி விட்டான். அகப்பட்டுக் கொள்வோம் என்று கண்டதும் பழியை ஒரு யூதரின் மேல் சுமத்தினான். அவனுடைய கூட்டத்தார் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து தங்கள் ஆளுக்காகப் பரிந்து பேசினார்கள். நம்மவனா, யூதனா என்று பேச்சுக் கிளம்பியது. அப்போது அந்நிஸா அத்தியாயத்தின் 105-ஆம் வசனம் முதற்கொண்டு இறங்கியது. மோசடிக்காரருக்காக வாதாட வேண்டாம் என்று அல்லாஹுத்தஆலா எச்சரித்தான். இவ்வுலகில் அவர்களுக்காக நீங்கள் பேசலாம், கியாமத்து நாளில் யார் பேசுவார் என்று பொருள்படக் கேட்டான். தான் செய்த பாவத்தைக் குற்றமற்றவன் மேல் போடுபவன் எத்துணைக் கொடியவன் என்றும் உணர்த்தினான். அந்த யூதர் நிரபராதி என்று வானிலிருந்து தீர்ப்பு வந்தது! எப்போது வந்தது? முஸ்லிம் சமுதாயம் சிறியதாக, எதிரிகள் சூழ நின்ற காலத்தில். "இச்சமயத்தில் நம்மவரை விட்டுக் கொடுக்கலாமா, எதிரிகள் சிரிக்க மாட்டார்களா" என்ற வாதத்துக்கு அன்றைக்கிருந்த நியாயம் வேறு எக்காலத்திலும் இருக்க முடியாது. அன்றைக்கே அல்லாஹ் அவ்வாதத்தை ஏற்கவில்லை என்றால் இன்றைக்கு ஏற்பானா?

மக்ஸூம் கோத்திரத்துப் பெண் திருடிய வரலாறு நீங்கள் அறிந்ததே. உயர்குலப் பெண், உஸாமா (ரலி) அவர்களைச் சிபாரிசுக்கு அனுப்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் முகம் மாறியது. முன்னிருந்த சமூகத்தார் அழிந்ததற்குக் காரணம், பெரியவன் திருடினால் விட்டதும் எளியவன் திருடினால் தண்டித்ததுமே என்றார்கள். தம் அருமை மகள் ஃபாத்திமாவே திருடினாலும் தீர்ப்பு ஒன்றுதான் என்றார்கள். இதைக் காட்டிலும் தெளிவான படிக்கல் உலகில் உண்டா?

ஜகாத் வசூலுக்கு அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தார். தம் தாய் தந்தையர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று பெருமானார் (ஸல்) மிம்பரில் நின்றே கேட்டார்கள். பங்கீடும் லைசன்ஸும் கையில் இல்லாவிட்டால் 100 கோடி ரூப்பியா ஹோட்டல் அறையைத் தேடி வருமா? கேள்வி அதுவேதான்.

"தலைவர் தவறு செய்தாலும் தீனுக்காகத் துணை நிற்க வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். நிற்கத்தான் வேண்டும். எவ்வாறு நிற்பது என்பதையும் நாயகம் (ஸல்) அவர்களே காட்டித் தந்து விட்டார்கள். அநீதி செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள் என்றபோது தோழர்கள் வியந்து, அது எப்படி என்று கேட்டார்கள். அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கினார்கள். ஆகவே, கட்சியை நேசிப்பவன்தான் கணக்குக் கேட்க வேண்டும். நேசிக்காதவன் கேட்டால் அது பகை. நேசிப்பவன் கேட்டால் அது நஸீஹத்.

கேளாமல் விட்டால் என்ன ஆகும்? அதற்கும் இந்தோனேசியாவே சாட்சி. 2013 மார்ச்சில், தலைவர் சிறையிலிருந்தபோதும், வடக்கு சுமத்ரா மக்கள் நம்பி வெற்றி கொடுத்த ஆளுநர் காத்தோட் புஜோ நுக்ரோஹோ. மேடானிலிருந்து அந்த மாநிலத்தை ஆண்டவர். 2015-ல் அவரே நீதிபதிகளுக்கு லஞ்சம் கொடுத்த வழக்கில் கைதாகிச் சிறை சென்றார். முதல் முறை இது சதி என்று சொன்னவர்கள் இரண்டாம் முறை என்ன சொல்வது?

இன்னொரு கட்சியின் கதை மேலும் துயரமானது. 1973-ல் நாட்டின் இஸ்லாமியக் கட்சிகள் ஒன்றாக்கப்பட்டுத் தோன்றியது ஒற்றுமை வளர்ச்சிக் கட்சி. கஃபாவே அதன் சின்னம். அச்சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போட்ட பாட்டனும் பாட்டியும் எத்தனை எத்தனை பேர்! அக்கட்சியின் தலைவரும் மார்க்க விவகார அமைச்சருமாயிருந்த சூர்யதர்மா அலி 2014 மே மாதத்தில் ஹஜ்ஜு நிர்வாகப் பண வழக்கில் சிக்கினார்; பின்னர் தண்டிக்கப்பட்டார். ஹஜ்ஜுப் பணம், சகோதரர்களே! வயலை விற்று, நகையை விற்று, பத்து இருபது ஆண்டு வரிசையில் காத்திருக்கும் ஏழைகளின் இபாதத்துப் பணம்! அவருக்குப் பின் தலைவராக வந்தவர் ரொமஹுர்முசி. மார்க்க அமைச்சகத்தில் பதவி வாங்கித் தரும் பேரத்தில் 2019 மார்ச்சில், தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கையில் பிடிபட்டார். அவரும் தண்டனை பெற்றார். 2014-ல் 6.53 பெற்ற கட்சி 2019-ல் 4.52-க்கு இறங்கியது. 2024-ல் 3.87. அத்தேர்தலில் நாடாளுமன்றத்தில் நுழைய நூற்றுக்கு 4 வேண்டியிருந்தது. தோன்றிய நாள் முதல் நாடாளுமன்றத்தில் இருந்த கட்சி முதன்முறையாக வெளியே நின்றது. உட்கட்சிச் சண்டையும் அதைத் தின்றது என்பது மெய். ஆனால் கஃபாவின் படத்தைப் போட்டு ஹஜ்ஜுப் பணத்தில் குறை வைத்தால் எந்த விசுவாசம்தான் எத்தனை நாள் தாங்கும்?

வியாபாரிக்கு நாணயம் என்பது முன்னோர் சேர்த்து வைத்த முதல். ஒரு முறை சரக்கில் குறை வந்தால் பழைய நாணயத்தை வைத்துச் சமாளிக்கலாம். இரண்டாம் முறையும் சமாளிக்கலாம். ஐந்தொகை போடும் நாளில் முதல் கரைந்திருப்பது தெரியும். முதற்கட்சிக்கு முதல் மிச்சமிருந்தது; இரண்டாவது கட்சிக்குக் கரைந்து விட்டது. ஆகவே, ஓட்டு ஏறியதால் பாவம் இலேசாகி விட்டது என்று முதற்கட்சிக்காரர்கள் எண்ணினால் அது மிகப் பெரிய ஏமாற்றம். மக்களின் ஓட்டுப் பெட்டி வேறு; மறுமையின் மீஸான் வேறு.

மற்றொரு பக்கமும் உண்டு. தீனுடையவர் என்றால் உடனே திருடன் என்று நம்பிவிடும் கூட்டமும் இருக்கிறது. கெட்ட செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பதும் திருமறையின் கட்டளைதான். அவதூறு பரப்புவது பெரும் பாவம். ஆகவே தீர்ப்பு வரும் வரை நாவை அடக்குவோம். தீர்ப்பு வந்த பின் நாக்கைச் சாக்குச் சொல்ல விடாமலும் அடக்குவோம். முன்னதை மட்டும் செய்து பின்னதை மறப்பவன் நீதிமான் அல்லன், கட்சிக்காரன்!

முடிவாக, வியாபாரிகளாகிய நமக்கென்று ஒரு சொல். அந்த 100 கோடி ரூப்பியா எங்கிருந்து வந்தது? ஒரு வியாபாரியின் கல்லாவிலிருந்து வந்தது! அந்நிறுவனத்தின் இயக்குநர்களும் சிறை சென்றார்கள். லஞ்சம் வாங்குபவனையும் கொடுப்பவனையும் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருங்கே சபித்திருக்கிறார்கள். அரசியல்வாதி கெட்டுவிட்டான் என்று தேநீர்க் கடையில் பேசுகிறோம். லைசன்ஸ் விரைவில் கிடைக்க வேண்டும் என்று உறையை நீட்டுகிறவன் யார்? வாங்கும் கை ஒன்று என்றால் கொடுக்கும் கை ஒன்று இருந்தே தீர வேண்டும். அந்தக் கை நம்முடையதாக இருக்க வேண்டாம். பங்கீடு கிடைக்காமல் போகட்டும், லாபம் குறையட்டும். ஹலாலான ஒரு வெள்ளி ஹராமான ஆயிரம் வெள்ளியை விடப் பெரிது.

நம் சங்கங்களிலும் பள்ளிவாசல் நிர்வாகங்களிலும் இதையே கைக்கொள்வோம். வரவு செலவைப் படிக்கும் நாளில் கேள்வி கேட்பவரைக் கலகக்காரர் என்று சொல்லாதிருப்போம். பொறுப்பிலிருப்பவர் நம் ஊர்க்காரரானாலும், நம் சொந்தக்காரரானாலும், ரசீது காட்டச் சொல்வோம். அவர் நல்லவர் என்றால் கேள்வியால் அவர் மதிப்பு உயரும்; இல்லையென்றால் பொதுப்பணம் பிழைக்கும். எவ்வாறாயினும் நஷ்டம் இல்லை. கலீஃபாவாகப் பொறுப்பேற்ற அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்களே, தாம் நேரே நடந்தால் உதவும்படியும் கோணினால் நிமிர்த்தும்படியும் மக்களைக் கேட்டுக் கொண்டார்கள். அவர்களுக்கே தேவைப்பட்டது நம் தலைவர்களுக்குத் தேவைப்படாதா?

கட்சி வரும், போகும். தலைவர்கள் எழுவார்கள், வீழ்வார்கள். நம் கையில் அல்லாஹ் கொடுத்திருக்கும் படிக்கல் ஒன்றுதான். அதில் நம்மவருக்கென்று ஒரு பக்கமும் பிறருக்கென்று ஒரு பக்கமும் தேய்த்து வைக்காதிருப்போமாக. வல்ல ரஹ்மான் நம் தராசையும் நம் நாவையும் நம் கல்லாவையும் ஹராமிலிருந்து காத்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.